அண்ணன் ஊதாம நின்ன ஒண்ணரை நிமிஷம்

எங்க அண்ணன் இருபது வருஷமா கல்யாண பேண்டு செட்டுல ட்ரம்பெட் ஊதுறவரு. போன வருஷம் ஒருநாள் காலையில பல்லு தேய்ச்சு வாய் கொப்பளிக்கும்போது தண்ணி தானா ஓரத்துல ஒழுகுச்சு. முகவாதம்னாங்க. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. மாத்திரை, பயிற்சின்னு பண்ணி முகம் முக்கால்வாசி சரியாச்சு. ஆனா ட்ரம்பெட்டுக்கு முக்கால்வாசி உதடு பத்தாது. ஓரத்துல காத்து கசிஞ்சா புஸ்ஸுனு போயிடும். பேண்டு செட்காரங்க, "நல்லா ஆனப்புறம் வாங்கண்ணா"ன்னு மரியாதையா சொல்லிட்டு வேற ஆளைப் போட்டுக்கிட்டாங்க. அண்ணன் ட்ரம்பெட்டைத் துணியில சுத்தி பீரோ மேல வெச்சிட்டாரு. அதுல இருந்து சிரிப்பு வந்தாக்கூட கையால வாயை மறைச்சுக்குவாரு.

எனக்கு அதுதான் தாங்கல. நான் சாக்ஸபோன் வாசிக்கிறவ. கோயில் விசேஷம், காதுகுத்து, ரிசப்ஷன்னு எங்க கூப்பிட்டாலும் போவேன். கோபம் வந்தா எனக்கு நாக்கு நிக்காது. "பீரோ மேல போடறதுக்கு அது என்ன பழைய சூட்கேஸா?"ன்னு கத்தினேன். "இந்த வாயை வெச்சிக்கிட்டு நீ ஊதிப் பாரு, தெரியும்"னாரு.

வேலை இல்லாம வீட்ல கிடந்த மாசங்கள்ல அவரு போன்ல ஜாஸ் கேக்க ஆரம்பிச்சாரு. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரு, ஒருத்தன் வாசிக்கிறப்போ இன்னொருத்தன் சும்மா நிக்கிறான். உதட்டுக்கு ரெஸ்ட் கிடைக்குது"ன்னாரு. ஊர்வலத்துல ட்ரம்பெட்டுக்கு ஏது ரெஸ்ட்? மறுநாளே பீரோ மேல இருந்து எறக்கினோம். நான் நாலு நிமிஷம், அவரு ரெண்டு நிமிஷம்னு பழகினோம். பேண்டு செட் ட்ரம்ஸ்காரர் ஒருத்தர் சேர்ந்துக்கிட்டாரு.

பாண்டிச்சேரியில ஒரு சின்ன மியூசிக் கிளப்புல வாய்ப்பு கேட்டோம். ஆளுங்க முன்னாடி அரை மணி நேரம் வாசிச்சு ரெகார்ட் பண்ணி, வெட்டாம ஒட்டாம அப்படியே அனுப்புங்க, பிடிச்சிருந்தா ஒரு சாயந்தரம் மேடை தர்றோம்னாங்க. அண்ணன் என்கிட்ட கறாரா சொன்னாரு: "இது ஒண்ணுதான். இதுல உதடு விட்டுச்சுன்னா ட்ரம்பெட்டை வித்துடுவேன். அப்புறம் நீ வாயைத் தொறக்கக்கூடாது." சரின்னுட்டேன். வேற என்ன சொல்ல?

ஆடி மாசம் முகூர்த்தம் இல்லாததால எங்க ஊர்ல வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் காலியா இருந்துச்சு. மாடியில சாப்பாட்டு ஹால்ல கல்யாண வீடியோ எடுக்கிறவர் மைக் வெச்சாரு. ஃபேன் சத்தம் மைக்ல விழும்னு ஃபேனை நிறுத்திட்டு, புழுக்கத்துக்கு ஜன்னலைத் தொறந்து விட்டாரு. கேக்க வந்தது சொந்தக்காரங்க பதினஞ்சு பேர். நாங்க பத்து நிமிஷம் வாசிச்சப்புறம் எங்க சித்தி, "இன்னும் சுருதிதான் சேர்க்கறாங்களா?"ன்னு பக்கத்துல கேட்டது ரெகார்டிங்ல தெளிவா இருக்குது.

கடைசி உருப்படி நாங்களே கட்டினது. அண்ணன் தனியா ஊதுற இடம் வந்துச்சு. ஆரம்பத்துலயே காத்து லேசா கசியிறது எனக்குக் கேட்டுச்சு. மேல ஏறினாரு. ஏறுற நடுவுல டக்குனு நின்னுடுச்சு.

திரும்பிப் பார்த்தேன். ட்ரம்பெட்டை நெஞ்சுக்கு எறக்கிப் புடிச்சுக்கிட்டு தலை குனிஞ்சு நிக்கிறாரு. போச்சு, உதடு விட்டுடுச்சு. பார்த்தா, ட்ரம்ஸ்காரரும் குச்சியை மடியில வெச்சிட்டு உக்காந்திருக்காரு. அப்பதான் தெருவுல இருந்து பறைச் சத்தம் என் காதுல விழுந்துச்சு. சாவு ஊர்வலம்.

கல்யாண ஊர்வலத்துக்கு எதிர்ல பொணம் வந்தா பேண்டு செட் வாசிக்காது. அது தாண்டிப் போற வரைக்கும் அப்படியே நிக்கும். தெருவுல இருபது வருஷம் நின்ன ஆளுங்களுக்கு, இது மாடி, இது ரெகார்டிங்னு ஞாபகமே இல்ல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நானாவது ஊதி இதை மூடிடலாம்னு சாக்ஸபோனை வாயில வெச்சேன். ஊத முடியல. கீழ யாரோ ஒரு பொம்பளை அழுதுக்கிட்டே போறா. நானும் எறக்கிட்டேன்.

ஒண்ணரை நிமிஷம். சத்தம் முக்குல திரும்பித் தேஞ்சதும் அண்ணன் ட்ரம்பெட்டைத் தூக்கினாரு. விட்ட இடத்துலயே புடிச்சாரு. காத்து கசியல. ரெஸ்ட் எடுத்த உதடு கடைசி வரைக்கும் நின்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, என் முறை வந்தப்போ நான்தான் கொஞ்சம் தடுமாறினேன்.

முடிஞ்சதும் விடுவேனா? "நடுவுல ஒண்ணரை நிமிஷம் பறைதான் இருக்குது. இதை யாரு எடுப்பாங்க?"ன்னு கத்தினேன். "பொணம் போறப்போ எப்படிம்மா ஊதறது?"ன்னாரு. வெட்டக்கூடாதுன்னு சொல்லியிருந்ததால அப்படியே அனுப்பி வெச்சோம். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் போன் அடிச்சாலே அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போயிடுவாரு.

கிளப்புல இருந்து ஒரு அம்மா பேசினாங்க. அண்ணனைப் புடிச்சு இழுத்துட்டு வந்து ஸ்பீக்கர்ல போட்டேன். அடுத்த மாசம் வந்து வாசிங்கன்னாங்க. "கடைசியில நீங்க நிறுத்திட்டு தெருச் சத்தத்தைக் கேக்க விட்டீங்களே, ரொம்ப நல்லா இருந்துச்சு. இங்கயும் அதை அப்படியே பண்ணிடுங்க"ன்னாங்க.

அண்ணன் ரொம்ப பணிவா, "பண்ணிடலாம்மா. ஆனா அன்னிக்குன்னு பார்த்து அங்க யாராவது போய்ச் சேரணுமே"ன்னாரு.

நான் போனைப் பொத்திக்கிட்டு சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. வாய் கொஞ்சம் கோணலாத்தான் போச்சு. கையை வெச்சு மறைக்கல.