எண்பது என்று சொன்ன தொண்ணூற்றாறு கிலோ

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். விடியும்வரை காத்திருக்க முடியவில்லை.

இன்று காலை தனியார் விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வு எழுதினேன். மகள் தூங்கும் நேரமாகப் பார்த்து மூன்று மாதம் படித்தது.

ஆட்கள், பெட்டி, எரிபொருள் எல்லாவற்றையும் கூட்டினால் சிறு விமானம் தாங்குமா என்று ஒரு கேள்வி. தாங்காது என்று விடை வந்தது. அந்த இடத்திலேயே நாளைய பயணம் நினைவுக்கு வந்துவிட்டது. நாளை காலை ஏழு மணிக்கு, கணவரின் நண்பர் குமார் எங்கள் மூவரையும் அதே மாதிரி விமானத்தில் ஏற்றிக்கொண்டு பறக்கப் போகிறார்.

கூலாயில் உள்ள வீட்டுக்குத் திரும்பியதும் கணவரை எடை மெஷினில் நிற்க வைத்தேன். குமாரிடம் எண்பது கிலோ என்று சொல்லியிருந்தவர், தொண்ணூற்றாறு. எண்பது என்பது கல்யாணத்தின்போது பார்த்த எடையாம்.

திரும்பக் கூட்டினேன். டேங்க் நிறைய எண்ணெயோடு, விமானம் தாங்குவதைவிட நாற்பது கிலோ அதிகம்.

குமாரை அழைத்தேன். "போன மாசமும் இப்படித்தான் நாலு பேரு போனோம் தங்கச்சி. ஒண்ணும் ஆகலையே லா," என்றார். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

கணவர் சிரிக்கிறார். "முதல்ல உன் ரிசல்ட் வரட்டும்மா, அப்புறம் பாடம் எடு."

அதுவும் நியாயம்தான். கணக்கைக் கீழே படமாகப் போட்டிருக்கிறேன். தப்பென்றால் சந்தோஷமாக ஏறுவேன். சரியென்றால் யாரும் விமான நிலையம் போகாதபடி கார் சாவியை ஒளித்து வைப்பேன். உரிமம் வைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டுச் சீக்கிரம் பதில் போடுங்கள்.