புரவி என்றால்

தருமபுரி தியேட்டரில் கதாநாயகன் வானத்தைப் பார்த்து, “என் புரவியே, வா!” என்று கூவியதும் நான் இருக்கையில் சரிந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா இருந்தாள்.

இந்தப் படத்துக்கு மூலமான நாவலை ஏழாம் வகுப்பில் நூலகத்திலிருந்து எடுத்துவந்து, இண்டூரில் எங்கள் வாசலில் புளி தட்டும் பெண்களுக்கு நான்தான் வாசித்தேன். புளிவாசம் மூக்கைப் பிடிக்கும். கொட்டை தெறிக்கும் சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்.

“புரவின்னா என்னா கண்ணு?” என்று அன்றைக்குப் புளி தட்டிக்கொண்டே கேட்டாள் அம்மா.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. “பெரிய புறாம்மா” என்றேன்.

“புறா மேல ஆளு ஏறுனா தாங்குமா?” என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள்.

“பொஸ்தகத்துலயே போட்டிருக்குது, நீ என்னாடி?” என்று அம்மா அடக்கினாள்.

புரவி என்றால் குதிரை என்று பிறகு தெரிந்தது. அம்மாவிடம் சொல்லவே இல்லை.

திரையில் சிறகு முளைத்த குதிரை இறங்கியது. கிராபிக்ஸ் படுமோசம். கால்கள் வயிற்றுக்குள் ஒடுங்கி, நெஞ்சு உப்பி, கழுத்தை வெட்டி வெட்டி நடந்தது. தியேட்டரே சிரித்தது.

அம்மா மட்டும் எழுந்து கைதட்டினாள். “டேய், நீ சொன்ன புறாடா!”

“அது குதிரைங்கம்மா” என்றார் முன்வரிசைக்காரர்.

“எம் பையன் பொஸ்தகத்தையே படிச்சவன். உங்களுக்குத் தெரியுமாங்க?”

நானும் எழுந்து, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தேன்.