கண் அசந்த நேரம்

காலை ஏழு மணிக்கு ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். நைட் ஷிப்ட் முடித்த பெண்கள் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்திருப்பார்கள். பஸ் முழுவதும் ஒரே கனவைக் காண்பதுபோல் தோன்றும். அவர்களில் சிலர் சுங்குவார்சத்திரத்தில் எங்கள் மையத்தில் இறங்குவார்கள். ஷிப்ட் வேலை கருத்தரிப்பைப் பாதிக்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. ரத்தம் எடுப்பதும் படிவம் நிரப்புவதும் என் வேலை.

என் மகளுக்கு ஏழு மாதமாகியிருந்தது. பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். ரத்த டியூபில் ஒட்டிய பெயரை இரண்டு முறை சரிபார்ப்பேன். அப்படியும் தவறு நடந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தியான அம்சாவுக்குப் புரோலாக்டின் அதிகம் என்று ரிசல்ட் வந்தது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். மற்ற நேரத்தில் கூடினால் கரு உண்டாவது கஷ்டம். அவளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். மூளைக்கு அடியில் சின்னக் கட்டி இருந்தாலும் இது கூடும் என்று டாக்டர் தலை ஸ்கேனுக்கு எழுதிவிட்டார்.

"தலைக்குள்ள கட்டியா மேடம்? எங்க வூட்டுக்காரர்கிட்ட இன்னான்னு சொல்றது?"

 அவளுடைய படிவத்தை எடுத்தேன். 'ரத்தம் எடுக்கும் முன் தூங்கினீர்களா?' இல்லை. அப்படி எழுதியிருந்தது என் கையெழுத்துதான். தூங்கும்போது இந்த ஹார்மோன் ஏறும், விழித்த பிறகு இறங்க நேரமாகும்.

"அன்னிக்கு நெசமாவே தூங்கலையா அம்சா?"

"கம்பெனி லைன்ல நின்னுகினு எங்க மேடம் தூங்குறது?"

"பஸ்ல?"

"கண்ணு அசந்துகினு வந்தேன். டிரைவர் அண்ணன் எழுப்பித்தான் எறங்குனேன். அதுலாம் ஒரு தூக்கமா? பாய் போட்டுப் படுத்தாத்தான் தூக்கம்."

டாக்டரிடம் போய், நான் சரியாகக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"ஸ்கேன் அப்புறம் பாக்கலாம். ரெண்டு மணி நேரம் முழிச்சிருக்க வெச்சு மறுபடி எடும்மா," என்றார்.

மறுநாள் அம்சாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் தூங்காமலிருக்க நான் பேச்சுக் கொடுத்தேன். அவள் கம்பெனி லைனில் நகரும் சர்க்யூட் போர்டுகளைப் பற்றிச் சொன்னாள். சின்னச் சின்னப் பச்சை விளக்குகள். குரல் எங்கோ தள்ளிப் போனது. விளக்குகளுக்கு நடுவே என் மகள் தவழ்ந்து வந்தாள்.

"மேடம்! பாப்பா ராத்திரி தூங்க வுடலையா?"

"நான் தூங்கலையே," என்றேன்.

அம்சா விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்தீங்களா, நீங்களும் அதையேதான் சொல்றீங்க!"

அன்று எடுத்த ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாக இருந்தது. ஸ்கேன் வேண்டாம் என்றார் டாக்டர்.

படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்: 'பஸ்ஸில் கண் அசந்தீர்களா?' இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை வாய்விட்டுக் கேளுங்கள். அநேகமாக எல்லோரும் ஆமாம் என்பார்கள்.