நாலு கோபுரம்

ஷார்ஜா தொழிற்பேட்டையில் என் காரின் ஏசியைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். வெயிலுக்கு ஒதுங்கிய பக்கத்துக் கடையில் கொடி தைக்கிறார்கள். சிவகங்கைக்காரர் முருகேசன் நீலக் கொடி ஒன்றை மடியில் போட்டு, பிளேடால் வெள்ளி நூலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அட்லாண்டிக் நடுவே இருக்கும் போர்த்துகல் தீவு ஒன்றின் நகராட்சிக் கொடி அது. கேடயத்தில் ஒரு பருந்து, கீழே அலைகள், மேலே கோட்டை மதில் மாதிரி ஒரு கிரீடம்.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் பிரிக்கிறீங்க?"

"கிரீடத்துல அஞ்சு கோபுரம் வச்சிட்டேண்ணே. போட்டோ அனுப்பினேன். அந்த ஊரு ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா பதில் போட்டிருக்காங்க. சிட்டிக்குத்தான் அஞ்சாம். அவங்களது சின்ன டவுன், நாலுதானாம்."

"கூட ஒண்ணு இருந்தா சந்தோஷம்தானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இல்லாதது எங்களுக்கு வேணாம்னுட்டாங்க."

நாலு மணிக்கு கார்கோ வண்டி வரும். அவர் அவசரப்படவில்லை. பிரித்த இடத்தை நகத்தால் நீவிவிட்டு, சாக்பீஸால் நாலு கோபுரத்தை வரைந்து, மெஷினில் உட்காருகிறார். எனக்கு ஒரு சுலைமானி, பால் இல்லாத டீ, வருகிறது; பிறகு இன்னொன்றும்.

முடித்ததும் கொடியைத் தூக்கிப் பிடிக்கிறார். நாலுதான் அழகாக இருக்கிறது.

"உங்க ஊருக்கு எத்தனை வரும்?"

"கிராமத்துக்கு மூணுன்னு அந்தம்மாவே எழுதியிருக்காங்க. எங்களது பஞ்சாயத்துதானே." நூலைக் கடித்து அறுக்கிறார். "வாட்டர் டேங்கைச் சேத்தா நாலு வரும். வேணாம்ணே, மூணே இருக்கட்டும்."