ஐந்து ஏக்கருக்கு ஒரு பேக்ஹோ

இந்த நாட்டில் தண்ணீரை விரட்டுவதற்காக மண்ணைத் தோண்டுகிறார்கள். ஒண்டாரியோவுக்கு வந்த புதிதில் இதைக் கேட்டபோது யாரோ என்னிடம் விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். விருத்தாசலத்துக்காரன் நான். எங்கள் பக்கம் மண்ணைத் தோண்டினால் தண்ணீருக்காகத் தோண்டுவார்கள், இல்லாவிட்டால் பீங்கான் கம்பெனிக்குக் களிமண் எடுக்கத் தோண்டுவார்கள். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. இங்கே என்னடாவென்றால், வயலுக்கு அடியில் இடுப்பளவு ஆழத்தில் சுட்ட மண்குழாய்களை வரிசையாகப் புதைத்து, பனி உருகி வரும் நீரையெல்லாம் ஓடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் குழாய்க்கு டைல் என்று பெயர். அதைச் செய்கிற தொழிற்சாலையில்தான் எனக்கு வேலை. செராமிக் படித்துவிட்டு, ஜாடியும் பொம்மையும் சுடும் சூளைகளுக்கு நடுவே ஏழெட்டு வருடம் இருந்தவன், இப்போது தண்ணீரைத் துரத்தும் குழாய் செய்து சாப்பிடுகிறேன். ஐப்பசி மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதைப் படித்தால் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது.

எரிச்சல் அடங்கியது எங்கள் சொந்த நிலம் மூழ்கியபோதுதான். ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கரும் அதில் ஒரு பழைய மர வீடும் வாங்கியிருந்தோம். என் மனைவி சரோஜா விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். ஒரு வருடம் அடுக்குமாடி வீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள், இந்த நிலத்தைப் பார்த்ததும் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு களிதாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். ஏப்ரலில் பனி உருகியது. களிமண் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கீழே விடவில்லை. அவள் ஊன்றிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் அழுகின. வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பக்கத்து நிலத்துக்காரர் ஹாரல்டு அறுபது வயதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. வந்து பார்த்துவிட்டு, டைல் போட வேண்டும், தாழ்ந்த மூலையில் ஒரு குளமும் வெட்ட வேண்டும், மண் உறைவதற்குள் முடிக்காவிட்டால் அடுத்த வருடமும் இதே கதைதான் என்றார். குழாய் எனக்குத் தொழிற்சாலையில் மலிவாகக் கிடைக்கும். வெட்டுவதற்கு ஆளை வைத்தால் கட்டுப்படியாகாது, பழைய பேக்ஹோ ஒன்றை வாங்கி நீயே வெட்டு என்பது அவருடைய யோசனை.

பேக்ஹோவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். டிராக்டரின் முதுகில் மனிதக் கையைப் போலத் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் வைத்து, விரலுக்குப் பதிலாகப் பல் வைத்த ஓர் இரும்பு வாளியை மாட்டியிருப்பார்கள். ஓட்டுகிறவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து நாலு குச்சிகளை இழுத்துத் தள்ளினால் அது தன் பக்கமாக மண்ணை வாரி எடுக்கும். எங்கள் தொழிற்சாலைக் களிமண் குழியில் அதை முதன்முதலாகப் பார்த்த அன்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இருபது பேர் பொழுது சாயும்வரை வெட்டிச் சுமக்கிற மண்ணை அது சாப்பாட்டு நேரத்துக்குள் எடுத்துப் போட்டுவிட்டது. ஓட்டியவருக்கு வியர்க்கக்கூட இல்லை, தன்பாட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த எந்த இயந்திரத்தின் மேலும் எனக்கு இத்தனை மரியாதை வந்ததில்லை.

ஆனால் கையில் இருந்த பணம் சரோஜாவின் தங்கை கல்யாணத்துக்காகச் சேர்த்தது. தை மாதம் நல்லூரில் கல்யாணம். இருவரும் போவதாக எழுதியும் ஆகிவிட்டது. இயந்திரம் வாங்கினால் இருவருமாகச் சேர்ந்து போக முடியாது. எந்த இயந்திரம் என்பதைப் பொறுத்து ஒருவராவது போவோமா, யாருமே போகமாட்டோமா என்று ஆகிவிட்டது. அக்காள் இல்லாமல் அந்தக் கல்யாணம் நடக்கும் என்பதைச் சரோஜாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அது எனக்குத் தெரியாதா என்ன?

மூன்று வண்டிகள் பார்த்தோம். கடையில் இருந்த புதியதைப் பார்த்து நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டு வந்துவிட்டோம். இரண்டாவது ஒரு சாலை கான்ட்ராக்டர் விற்க வைத்திருந்தது. யானை மாதிரி இருந்தது. அதன் அளவுக்கு விலை மலிவு, ஆனால் எங்கள் சேமிப்பு முழுவதையும் விழுங்கிவிடும். மூன்றாவது மிகச் சின்னது. ஹாரல்டின் உறவினர் ஒருவர் சர்ச் கல்லறையில் குழி வெட்ட வைத்திருந்த வண்டி. ஹாரல்டு அதன் வாளியைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். மூட்டுகள் ஆடவில்லை. கல்லறைக்குழி ஓரம் நேராக வரவேண்டும், அதனால் இந்த வண்டியை யாரும் முரட்டுத்தனமாக ஓட்டியிருக்க முடியாது என்பது அவர் கணக்கு.

எனக்குப் பெரியதன் மேல்தான் கண். பெரிய வாளி, நீளக் கை, பத்து நாளில் வேலை முடியும். சின்னதில் இரண்டு மாதமாவது ஆகும், அதற்குள் மண் உறைந்துவிட்டால் எல்லாம் வீண். போதாததற்குப் பிணக்குழி வெட்டிய வண்டி. அதைச் சொன்னால் சரோஜாவே வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.

"மண்ணத்தான வெட்டுது. யாருக்கு வெட்டறோம்னு அதுக்குத் தெரியுமா?" என்றாள் அவள். "எனக்கு அந்தச் சின்னதுதாங்க புடிச்சிருக்குது."

"கல்யாணத்துக்குப் போகணும்னுதான் சின்னதச் சொல்ற நீ" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அப்போதே அடித்துக்கொண்டிருக்கலாம்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பா சேத்தியாத்தோப்பு சந்தைல மாடு பாக்கறப்போ பெருசா சின்னதான்னு பாக்க மாட்டாரு. எந்த நெலத்துல எறங்கப்போவுதுன்னுதான் பாப்பாரு. அந்தப் பெரிய வண்டிய ஜல்லி மேல நிறுத்தி வச்சிருக்காங்க. நம்ம நெலம் ஜல்லியா? நீங்கதான் களிமண்ணப் படிச்சவரு, நான் சொல்லணுமா?"

களிமண்ணைப் படித்தவனுக்கு அப்போதுதான் அந்த லாரி நினைவுக்கு வந்தது.

அறுபதுகளின் கடைசி வருடங்கள். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றின் களிமண் குழிக்கு நான் சூப்பர்வைசர். குழியில் வெட்டுகிறவர்களுக்குத் தலைவி அஞ்சலை. என் வயதுதான் இருக்கும். அவள் குரல் கொடுத்தால் இருபது மண்வெட்டியும் ஒன்றாக எழும்பும். ஓர் ஐப்பசியில், இரண்டு நாள் மழைக்குப் பிறகு, கம்பெனி புதிதாகப் பிடித்த பெரிய லாரியைக் குழிக்குள் இறக்கச் சொன்னேன். "வேணாம் சார். கட்ட வண்டியே நிக்காது, இது எப்பிடி நிக்கும்?" என்றாள். நான் கேட்கவில்லை. லாரி இருபதடி போவதற்குள் அச்சுவரை இறங்கிவிட்டது. மூன்று நாள் அஞ்சலையின் ஆட்கள் பனைமட்டையும் கட்டையும் போட்டு, சக்கரத்தைச் சுற்றிக் கையால் மண்ணை வழித்து அதை வெளியே எடுத்தார்கள். மூன்று நாளும் அவள் என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சின்னதையே வாங்கினோம். சரோஜாவுக்கு டிக்கெட் எடுக்கப் பணம் மிஞ்சியது. கான்ட்ராக்டரின் யானையை வாங்கியவர் அக்டோபர் மழையில் அதை வயலில் புதைத்துவிட்டு இரண்டு டிராக்டர் வைத்து இழுத்தார் என்று ஹாரல்டு பிறகு சொன்னார். சரோஜாவிடம் அதைச் சொன்னேன். "பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது பின்பக்கத்திலிருந்தே தெரிந்தது.

வண்டி சின்னதானாலும் அதன் சமர்த்தைச் சொல்லி முடியாது. இரண்டு பக்கமும் கால் ஊன்றிக்கொண்டு, சேற்றிலும் வழுக்காமல் நின்று, வெண்ணெய் வழிப்பது போல வழிக்கும். முதல் வாரம் நான் இடது குச்சிக்குப் பதில் வலது குச்சியை இழுத்து வேலிக்கம்பம் ஒன்றைச் சாய்த்தேன். மூன்றாவது வாரம் என் கையும் அதன் கையும் ஒன்றாகிவிட்டன. தொழிற்சாலை விட்டு வந்ததும் இருட்டும்வரை வெட்டுவேன். சரோஜா குழாய்களை ஒவ்வொன்றாகக் கீழே தருவாள், தண்ணீர் ஓடும்படி வாட்டம் பார்த்துப் பதிப்பேன். செப்டம்பர் கடைசியில் பெய்த முதல் மழைக்கே குழாய் வாயில் தண்ணீர் சலசலவென்று கொட்டியது. நாங்கள் இருவரும் குடையைப் போட்டுவிட்டு நனைந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் வெளியேறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் விருத்தாசலத்துக்காரன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு குளம். அதை வெட்டி முடிக்கும்போது ஹாரல்டு வேலியோரம் வந்து நின்றார். குளத்தின் நடுவே, மேலே புல்லோடு, ஆள் உயரத்துக்கு ஒரு மண் தூண் நின்றது. அவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. டீசல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். பாறையா? இல்லை, மண்தான். பிறகு ஏன் விட்டாய்? அளப்பதற்கு என்றேன். யார் அளப்பார்கள் என்றார். 

எங்கள் குழியில் அப்படித்தான் வெட்டுவார்கள். நடுவில் ஒரு தூணை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். அதன் உயரம்தான் எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. அதை அளந்து கூலி போடுவது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், தூணின் தலையில் மண்ணைப் போட்டு உயர்த்தியிருப்பார்கள் என்று அஞ்சலையின் மேல் சந்தேகப்பட்டேன். அவள் கோபிக்கவில்லை. தூணின் மேலிருந்த புல்லை விரலால் நீவிவிட்டு, "புல்லு உசுரோட இருக்குது பாருங்க சார். மேல மண்ணு போட்டிருந்தா மூடிப்போய் செத்திருக்கும்" என்றாள். என் தலை குனிந்தது. அதற்குப் பிறகு நான் அவள் தூணை அளந்ததில் சந்தேகம் என்ற பேச்சே இல்லை. அந்த அளவுகோல் பிடித்த கைதான் இங்கே குச்சியைப் பிடித்து, யாரும் கேட்காமலே, புல்லைச் சுற்றிப் போயிருக்கிறது.

இதையெல்லாம் என் ஆங்கிலத்தில் ஹாரல்டுக்குச் சொல்லிப் பார்த்தேன். சாட்சி, உயிர், புல், கூலி என்று துண்டுதுண்டாக வந்தது. அவர் தூணைப் பார்த்தார், கல்லறையிலிருந்து வந்த வண்டியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக் குடும்பத்தில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை இல்லை என்று நான் பதறிய பதற்றத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். மறுநாள் அவர் மனைவி ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடும் பை என்கிற பலகாரம் ஒன்றைச் செய்துகொண்டு வந்து, சரோஜாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

"எதுக்குங்க இது?" என்றாள் சரோஜா. விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "தங்கமான சனங்க. சாப்புடுங்க, ஆறிடப்போவுது" என்றாள். உண்மையில் தங்கமான மனிதர்கள்தான். இல்லாத சாவுக்கே இவ்வளவு செய்கிறவர்கள், இருக்கும் துக்கத்துக்கு என்ன செய்யமாட்டார்கள்?

தை பிறப்பதற்குள் சரோஜா ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். நேற்று அவள் கடிதம் வந்தது. கல்யாணம் நன்றாக நடந்ததாம். விருத்தாசலத்துக்குப் போய், நாங்கள் குடியிருந்த தெருவைப் பார்த்துவிட்டுக் களிமண் குழிப்பக்கமும் போயிருக்கிறாள். அஞ்சலை அங்கேதான் இருக்கிறாள். மழையில் பழைய குழி நிரம்பி, நடுவில் ஒரு தூண் மட்டும் தண்ணீரில் நிற்கிறதாம். கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்:

"சாரு அங்க என்னா வேல செய்யறாருன்னு கேட்டாங்க. மண்ணு வெட்டறாருன்னேன். மொந்தானையால வாயப் பொத்திக்கிட்டு அப்பிடி ஒரு சிரிப்பு. தூணு வுட்டு வெட்டியிருக்காருன்னும் சொன்னேன். சிரிப்ப நிறுத்திட்டாங்க. மேல புல்லு உசுரோட இருக்குதான்னு கேக்கச் சொன்னாங்க. பாத்து எழுதுங்க."

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். குளம் உறைந்து கிடந்தது. பனிக்கட்டியின் மேல் நடந்து தூண்வரை போய், அதன் தலையில் குவிந்திருந்த பனியைக் கையுறையால் வழித்தேன். புல் இருந்தது. வைக்கோல் நிறத்தில், மண்ணோடு ஒட்டிப் படுத்திருந்தது. குளிர்காலத்தில் இங்கே எல்லாப் புல்லும் அப்படித்தான் கிடக்கும், சித்திரையில் எழுந்துவிடும் என்று ஹாரல்டு சொல்வார். எழாததும் உண்டு என்பார். கையுறையைக் கழற்றிவிட்டு, அஞ்சலை செய்தது போல விரலால் நீவிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆறு வருடம் அவள் தூண்களை அளந்தவன் நான். அவள் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு என்ன எழுதுவது? "பனி மூடியிருக்கிறது, உருகியதும் பார்த்து எழுதுகிறேன் என்று அஞ்சலையிடம் சொல்" என்று எழுதி உறையை ஒட்டினேன்.