பன்னிரண்டு நாமத் தண்டால்

காலையில் பால்காரர் வந்து போனதும் ஆராவமுதன் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுவார். பிறகு ஜன்னலைச் சாத்துவார். சாத்திய ஜன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் தள்ளிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் கூடத்துச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, "கேசவா" என்று ஆரம்பிப்பார்.

ஐம்பத்தாறு வயதுப் பெருமாள் கோயில் அர்ச்சகர், குடுமியை இறுக முடிந்துகொண்டு, வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு சுவரோடு தண்டால் எடுக்கிறார் என்று தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. திருவள்ளூரில் அவரவருக்கு அவரவர் ரயிலைப் பிடிக்கவே நேரம் போதவில்லை. ஆனால் இந்தச் சமாதானமெல்லாம் ஆராவமுதனிடம் செல்லாது. கவலைப்படுவதில் மனிதர் கெட்டிக்காரர். புளியோதரையில் உப்பு கூடிவிட்டதோ என்று கவலைப்படுவார். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனால், மரியாதைக்காகச் சும்மா இருக்கிறார்களோ என்று அதற்கும் கவலைப்படுவார்.

இந்தத் தடவை கவலைப்பட உண்மையாகவே விஷயம் இருந்தது.

அவர் கைங்கரியம் செய்கிற கோயில் சின்னது. ஊரிலிருந்து காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகிற வழியில், லாரிகள் திரும்புகிற மூலையில் இருக்கிறது. மூலவர் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டார். வீதிக்கு வருகிறவர் உற்சவர். பஞ்சலோகம், பீடத்தோடு சேர்த்தால் ஆளைத் திணறடிக்கிற கனம். அவரை மார்போடு அணைத்துத் தூக்கி வந்து பல்லக்கில் அமர்த்துவது அர்ச்சகர் வேலை. ஏளப்பண்ணுவது என்பார்கள். கருவறை வாசல் ஒற்றை ஆளுக்குத்தான் வழி விடும் என்பதால் அந்தக் கோயிலில் ஒருவரே தூக்குவது வழக்கம். வேறு யாரும் கை கொடுக்கக் கூடாது. முப்பது வருஷமாக ஆராவமுதன் தூக்குகிறார், அதற்கு முன்னால் அவருடைய அப்பா.

போன புரட்டாசிச் சனிக்கிழமை, பல்லக்குக்கு இரண்டடி இருக்கும்போது அவருக்குக் கண் இருட்டியது. கை இருக்கிறதா, பெருமாள் இருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. எப்படியோ பல்லக்கில் வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்துகொண்டார். கூட்டம் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்தண்டு பிடிக்கிற பார்த்திபன் மட்டும் இவரைப் பார்த்துவிட்டான். ஊருக்கு வெளியே கழனி வைத்திருக்கிற குடும்பத்துப் பையன், தோள் கொடுப்பதற்கென்றே ஒவ்வொரு உற்சவத்துக்கும் வந்துவிடுவான்.

"இன்னா சாமி, மூஞ்சி இப்டி வெளுத்துப் பூச்சு? நாஷ்டா துன்னீங்களா இல்லியா?"

"பசி மயக்கம்ப்பா. ஒண்ணுமில்லே."

ஒன்றுமில்லையா? அன்று முதல் ஆராவமுதன் கண்ணை மூடினால் ஒரே காட்சிதான். கருங்கல் தரையில் உலோகம் விழுகிற சத்தம். அப்புறம் கூட்டத்தின் அமைதி. விழுந்தால் பரிகாரம் இருக்கிறது, சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது. பெருமாளுக்குத்தான் பரிகாரம். போட்டவனுக்கு என்ன பரிகாரம் என்று அவர் எங்கேயும் படித்ததில்லை.

முடியவில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அண்ணா பிள்ளை ரகுநந்தன் இருக்கிறான். சென்னையில் வேலை, உற்சவ நாளில் தவறாமல் வந்து நிற்பான், ஜிம்முக்குப் போய்த் தோளை மதில் மாதிரி வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை. அதுதான் சங்கடம், கெட்டவனாக இருந்தால் கோபமாவது படலாம். "சித்தப்பா, நான் வேணா ஏளப்பண்ணட்டுமா?" என்று அவன் பிரியமாகத்தான் கேட்பான். ஒரு தரம் அவன் கைக்குப் போனால் மறுபடி இவர் கைக்கு வராது. அப்புறம் இவர் தீபாராதனைத் தட்டோடு ஓரமாக நிற்க வேண்டியதுதான். பெருமாளைத் தொட்டுத் தூக்குகிற அந்த நாலடி தூரம்தான் ஆராவமுதனுக்குத் தன் வாழ்க்கையில் தன்னுடையது என்று தோன்றிய ஒரே விஷயம்.

உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ரயிலேறித் திருநின்றவூருக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மார்பில் ஒயர்களை ஒட்டி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, தசைதான் தளர்ந்துவிட்டது, வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார். இதயம் நன்றாக இருக்கிறது என்பதை நம்பலாமா கூடாதா என்று திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தார்.

மகள் ஸுப்ரஜாவிடம் மறைக்க முடியவில்லை. காக்களூரில் ஒரு கம்பெனி ஆபீசில் இருக்கிறாள், வீட்டிலேயே மொபைலைச் சாய்த்து வைத்துக்கொண்டு பயிற்சி செய்கிற பெண். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு ஒரே உற்சாகம்.

"குண்டு, கம்பி எதுவும் வேணாம்ப்பா. உன் ஒடம்பே போதும், அதோட கனத்தை நீ தூக்கினாப் போறும். பெருமாளுக்கு முன்னாடி விழுந்து விழுந்து சேவிக்கறியே, அதையே வேகமாப் பண்ணினா எக்ஸர்ஸைஸ்ல அதுக்கு பர்ப்பின்னு பேர்."

"அபசாரமாப் பேசாதேடி."

முதலில் சுவர். அப்புறம் முக்காலியில் கையூன்றி. அப்புறம் தரை. இடையில் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது. முழங்கையை ஊன்றிப் பலகை போல உடம்பை நீட்டிக் கிடப்பது அவருக்கு அறவே பிடிக்கவில்லை. மூக்குக்கு நேரே தரையில் எறும்பு ஊர்வதைப் பார்த்தபடி, இப்போது யாராவது வாசலில் கூப்பிட்டால் என்ன செய்வது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

ஸுப்ரஜா ஒன்றே ஒன்றுக்குத்தான் அதட்டுவாள். "மூச்சை அடக்காதே அப்பா! இறங்கறச்சே இழு, ஏறறச்சே விடு. எண்ணிண்டே பண்ணு, மூச்சு தானா வரும்."

ஒன்று இரண்டு என்று எண்ண அவருக்கு வாய் வரவில்லை. அதனால் தினமும் நெற்றியிலும் உடம்பிலும் திருமண் இட்டுக்கொள்ளும்போது சொல்கிற பன்னிரண்டு நாமங்களை எண்ணிக்கையாக்கிக்கொண்டார். ஒவ்வொரு தரம் உடம்பைத் தள்ளி ஏறும்போதும் ஒரு நாமம். ஐப்பசியில் "மாதவா"வுக்கு மேல் போக முடியவில்லை. மார்கழிக் குளிரில் "திரிவிக்ரமா"வைத் தொட்டார். அன்று காபியில் சர்க்கரை கூடவே போட்டுக் கொடுத்தாள் மனைவி அலர்மேல்மங்கை. தை முடிவதற்குள் தரையில் நிஜத் தண்டால், கடைசி நாமமான "தாமோதரா" வரைக்கும், நடுவில் நிறுத்தாமல். முடித்ததும் ஸ்நானம், மடி உடுத்திக்கொண்டு கோயில். புஜத்தில் லேசாக ஒரு மேடு தட்டியிருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார், சந்தோஷப்பட்டதற்காக உடனே பயந்தார்.

பங்குனி உத்திரம் வந்தது. பெருமாளைத் தூக்கினார். கை நடுங்கவில்லை. முழங்கால் இரும்பு மாதிரி நின்றது. அடடா என்று மனசுக்குள் ஒரு துள்ளல். மூன்றாவது அடியில், அதே இடத்தில், கண் இருட்டியது.

இந்தத் தடவை தூணில் சாய்ந்துகொண்டபோது அழுகையே வந்துவிட்டது. உடம்பு தளர்ந்திருந்தால் தேற்றலாம், தேற்றியும் ஆயிற்று. இதற்கு வேறு அர்த்தம்தான் இருக்க வேண்டும். போதும், நீ என்னைத் தொடாதே என்று பெருமாளே சொல்லுகிறார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அலர்மேல்மங்கை இலையை எடுக்கவில்லை, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன்னா, மறுபடியும் வந்துடுத்தா?"

தலையை ஆட்டினார். "வைகாசி கருட சேவைக்கு ரகுவையே ஏளப்பண்ணச் சொல்லிடப் போறேன். பெருமாளுக்கு நான் வேணாமாம் அலமேலு."

"அவர் உங்ககிட்ட வந்து சொன்னாராக்கும். ஆத்துல இத்தனை பண்றேளே, ஒரு நாளாவது கண்ணை இருட்டினதுண்டா?"

"இல்லே."

"இங்கே தெருக்கோடி வரைக்கும் கேக்கறாப்பலே கேசவா நாராயணான்னு கத்தறேள். அங்கே தூக்கறச்சே என்ன சொல்லுவேள்?"

"என்ன கேள்வி இது? அங்கே எப்படிக் கத்தறது? வாயை மூடித் துணி கட்டிண்டிருப்பேன். மூச்சே விடமாட்டேன்."

சொல்லிவிட்டு அவரே அவளைப் பார்த்தார்.

"மூச்சே விடமாட்டேளா?"

"பெருமாள் மேலே மனுஷா மூச்சுப் படப்படாது. எச்சில் மூச்சு. துணி எச்சிலுக்குக் காவல், மூச்சுக்கு நாமதான் காவல்னு அப்பா சொல்லிக் கொடுத்திருக்கார். கையில எடுத்ததுலேர்ந்து வைக்கற வரைக்கும் பிடிச்சுக்கணும்."

முப்பது வருஷமாக அப்படித்தான் தூக்குகிறார். இளம் உடம்பு தாங்கியது. இத்தனை கனத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் இந்த வயதில் கண் இருட்டாமல் என்ன செய்யும்? ஐந்து மாதமாக மகள் தொண்டை கிழியக் கத்தியது கூடத்தோடு நின்றுவிட்டது. கோயிலில் பெருமாளைக் கையில் எடுத்ததும், தான் மூச்சை அடக்குகிறோம் என்பதே ஆராவமுதனுக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றுகிற மாதிரி அது தானாக நடக்கிற காரியம்.

"அப்போ விட்டுடுங்கோ," என்றாள் அலர்மேல்மங்கை.

"எப்படிடி விடறது?" என்று கத்திவிட்டார். கத்துகிற வழக்கமே இல்லாதவர்.

காரணம் தெரிந்துவிட்டால் கவலை குறையும் என்பது மற்றவர்களுக்கு. இவருக்கு இரட்டிப்பானது. மூச்சைப் பிடித்தால் பெருமாள் கீழே விழுவார். விட்டால் பெருமாள் மேல் மூச்சு விழும். ரகுநந்தனுக்குப் போன் செய்ய எடுப்பார், வைப்பார். கருட சேவைக்கு முந்தின நாள் அவனே கூப்பிட்டான்.

"சித்தப்பா, நாளைக்கு நான் ஏளப்பண்ணட்டுமா? கருட வாகனம் ஒசரம் வேற."

"நீ வா. பார்த்துக்கலாம்," என்றார். சம்மதமா மறுப்பா என்று அவனுக்கும் புரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை கூட்டம் தெருமுனை வரை நின்றது. கருடன் மண்டபத்தில் இறக்கை விரித்திருந்தார், பக்கத்தில் ஏறிக்கொள்ள இரண்டு படி வைத்த மரப்பலகை. ரகுநந்தன் மடியாக வந்து கருவறை வாசலில் காத்திருந்தான். ஆராவமுதன் ஒரு கணம் அவன் கைகளைப் பார்த்தார். பிறகு துணியை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

தூக்கினார். மாலைகளோடு இன்னும் கனம். வாசலைக் குனிந்து தாண்டும்போது பெருமாளின் தோள்மாலை உரசித் துணி நழுவியது. கழுத்துக்கு வந்துவிட்டது. இரண்டு கையும் பெருமாளிடம், இழுத்து விட்டுக்கொள்ள வழியில்லை. எதிரே ஒரு விரல்கடையில் திருமுகம். இப்போது துணிகூட இல்லை. உடம்பு தானாகவே மூச்சை இறுக்கிப் பூட்டிக்கொண்டது.

ஓரடி. இன்னோரடி. காதுக்குள் இரைச்சல். விளக்குகளின் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. பலகையின் முதல் படியில் கால் வைத்தார், படி எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை, பாதம் தேடிக் கண்டுபிடித்தது. பார்த்திபன் தன்னை அறியாமல் இரண்டு கைகளையும் ஏந்தி நீட்டுவது நிழலாகத் தெரிந்தது. தொட மாட்டான். ஆனால் விழப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா சொன்னதும் நினைவுக்கு வந்தது, கருங்கல் தரையின் சத்தமும் காதில் கேட்டது.

அபசாரமாகவே இருக்கட்டும், என்னைத் தண்டித்துக்கொள், கீழே மட்டும் விழாதே.

"கேசவா!" என்றார்.

பெருமாளின் முகத்துக்கு நேரே, வாய்விட்டு, பெரிய மூச்சோடு. உடம்பு கூடத்தில் பழகியபடி ஓர் அடி மேலேறியது. "நாராயணா!" இரண்டாவது படி. இருட்டு விலகிக் கருடனின் தங்க மூக்கு கண்ணுக்குத் தெரிந்தது. "மாதவா!" என்று கைகளை நீட்டி உயர்த்தி, நடுங்காமல், பெருமாளைக் கருடனின் தோளில் அமர்த்தினார்.

மண்டபம் முழுக்க "கோவிந்தா!" என்று கூவியது. எந்தக் கூட்டமும் அதைத்தான் கூவும். ஆராவமுதனுக்கு மட்டும் நாலாவது நாமத்தை ஊரே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

படியில் நின்றபடியே பட்டுக் கயிற்றால் பெருமாளைக் கருடனோடு சேர்த்துக் கட்டினார். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பெருமாளின் மார்பில் சாத்தியிருந்த துளசியில் ஒரு தளிர், இவர் மூச்சு விடும்போதெல்லாம் அசைந்தது. பார்த்தார். விட்டார், அசைந்தது. முப்பது வருஷமாக அணைத்துத் தூக்கிய பெருமாளுக்கு இத்தனை கிட்டத்தில், துணியில்லாமல் மூச்சு விடுவது இதுதான் முதல் தடவை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் திருமுகம் எப்போதும் போலத்தான் இருந்தது.

"சாமி, எறங்குங்க," என்றான் கீழே பார்த்திபன், தண்டில் தோளைக் கொடுத்துக்கொண்டு. "நேரமாவுது, தூக்கணும்."

"இருப்பா, ஒரு நிமிஷம்," என்றார் ஆராவமுதன். துணியை எடுத்து மறுபடி கட்டிக்கொள்ளத் தோன்றாமல், அங்கேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.