கடல் பக்கத்துச் சுவர்

2005 தை மாதம், ஆலம்பரைக் கோட்டையின் கடல் பக்கத்துச் சுவர் விழுந்துவிட்டது என்று கேட்டு, சேதத்தை நோட்டில் குறித்துவரப் போனேன். உடைந்த செங்கல் ஒன்றைக் கையில் எடுத்தேன். ஈரச் சுண்ணாம்பு வாசனை. மரக்காணத்தில் எங்கள் பழைய சமையலறை மழைநாளில் அப்படித்தான் மணக்கும்.

நவாப் கட்டி, 1760இல் ஆங்கிலேயர் இடித்தது போக மிஞ்சிய கோட்டை அது. உப்பளத்தில் வேலையில்லாத மழைக்காலத்தில் அப்பா அங்கே கடப்பாரையோடு செங்கல் பெயர்க்கப் போவார். அம்மாவும் நானும் சுமப்போம்.

"ஏன்யா அடியிலயே புடுங்குற?" என்றாள் அம்மா.

"மேல ஏற உங்கப்பன் ஏணி குடுத்தானா? நவாப்பா வந்து கேக்கப் போறாரு? தூக்குடி."

எட்டு வயதில் நான் சிரித்துக்கொண்டே தூக்கினேன். எங்கள் சமையலறை எழும்பி முடிந்தபோது, கோட்டையின் கடல் பக்கத்துச் சுவரடியில் நான் நுழைந்து உட்காரும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. பின்னாளில் அந்த வீட்டையும் இடித்தார்கள். கற்கள் போன இடம் தெரியாது.

என் நோட்டைப் பார்த்து மீனவர் ஒருவர் அருகில் வந்தார். "சுனாமி தள்ளிடுச்சும்மா. எழுதிக்கோங்க."

தேதி எழுதினேன். காரணம் என்ற இடத்தில், நெடுநேரம் கழித்து, "அலை" என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அதாம்மா. மனுசன் கையால இடியற செவுரா இது?"